தமிழ்வாணனிடம் திரும்பிச் செல்லலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர், இளமையில் விரும்பிப் படித்த துப்பறியும் கதாசிரியர் ஒருவரைத் தாம் பின்னாளில் கைவிட்டதைப் பற்றி எழுதியிருந்தார். மர்மக் கதை எழுதுபவரை ஒருமுறை விட்டுவிட்டால் மறுபடி அவரிடம் போவதற்கு ஒன்றும் இல்லை என்பதும், கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தில் மிச்சம் இருப்பது வெறும் தாள்தான் என்பதும் அவருடைய முடிவு. எந்த எழுத்தாளர் என்று அவர் சொல்லவில்லை. நான் பெயரைச் சொல்லியே எழுத விரும்புகிறேன். நான் கைவிட்டவர் எங்கள் தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன். பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவருடைய சங்கர்லால் கதைகளிடம் திரும்பி வந்திருக்கிறேன்.

அவரை விட்டதற்கு எனக்கு இருந்த காரணங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. அவற்றில் ஒன்றையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் முடிவு தெரிந்த பிறகுதான் கண்ணில் படக்கூடிய சில சங்கதிகள் இவ்வகை எழுத்தில் இருக்கின்றன என்பதையும், 'அடுத்து என்ன' என்ற பரபரப்பே முதல் வாசிப்பில் அவற்றை மறைத்து விடுகிறது என்பதையும் அன்பருக்கும் அவரைப் போல் நினைக்கும் மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சில வரிகள். 1926-இல் பிறந்து 1977-இல் மறைந்த தமிழ்வாணன், குமுதம் குழுமத்தின் கல்கண்டு வார இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வரையப்படும் அவருடைய உருவமும், 'துணிவே துணை' என்ற வாசகமும் அந்நாளில் தமிழ்நாட்டில் படிக்கத் தெரிந்த சிறுவர் அனைவருக்கும் பழக்கம். துணுக்குகள், கேள்வி பதில், வாழ்க்கை முன்னேற்ற நூல்கள் என்று அவர் எழுதிக் குவித்தவற்றுக்கு நடுவே சங்கர்லால் என்னும் தனியார் துப்பறிவாளரின் கதைகள் தனி வரிசையாக நின்றன. குமுதத்தைத் தொடங்கிய எஸ்.ஏ.பி. அண்ணாமலையும் செட்டிநாட்டுக்காரர். சக்தி காரியாலயம் நடத்திய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர். தமிழ்ப் பண்ணை சின்ன அண்ணாமலையும் வானதி திருநாவுக்கரசும் தேவகோட்டைக்காரர்கள். கடல் கடந்து வட்டித்தொழில் செய்து பெயர் பெற்ற இப்பகுதி, தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்கும் இத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது. ஆயினும் இங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைக் கேட்டால் விழிக்கிறார்கள்.

1960-களில் எங்கள் வீட்டுக்குக் கல்கண்டு வந்ததும் முதலில் முகப்புத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் கைக்குப் போகும். அவர் படித்து முடித்து உள்ளே அனுப்பினால் வளவிலே, அதாவது உள்முற்றத்தில், பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வோம். எல்லோரும் படித்த பிறகு, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் வேலை ஓய்ந்த நேரத்தில், அப்பத்தா அதைக் கையில் எடுப்பார்கள். அப்பத்தாவுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. வீட்டுக் கணக்கு எழுதுவதற்காக எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டவர்கள். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டு, உதடுகள் அசைய, சங்கர்லாலைப் படிப்பார்கள். வேறு எந்தக் கதையையும் அவர்கள் அப்படித் தாமாக எடுத்துப் படித்து நான் பார்த்ததில்லை. மற்ற தொடர்கதைகளை எங்களில் ஒருத்தி வாசித்துச் சொல்ல வேண்டும். சங்கர்லாலுக்கு மட்டும் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இதைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

காரைக்குடியில் கல்லூரியில் படித்த நாட்களில் நான் அவரை விட்டேன். அதற்கு முன்பே, 1960-களின் இறுதியில், சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் வந்துவிட்டிருந்தார். அவரைப் படித்து வளர்ந்த வாசகிக்குச் சங்கர்லால் தவறே செய்யாதவராக இருப்பது சலிப்பைத் தந்தது. நான் படித்த கதைகளில் சங்கர்லால் ஐயப்பட்டால் அந்த ஐயம் சரியாகவே இருக்கும். தேடிப்போன இடத்தில் தடயம் கிடைத்துவிடும். குற்றவாளி பிடிபட்ட பின் தான் செய்ததையெல்லாம் தானே ஒழுங்காக எடுத்துரைப்பான். கதை நடக்கும் வெளிநாட்டு நகரங்கள் ஓட்டல் அறையும் வாடகைக் காருமாகச் சுருங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கர்லாலின் மனைவி இந்திரா கணவருக்காகக் கவலைப்படுவதையும் அவர் வந்ததும் மகிழ்வதையும் தவிர அதிகம் செய்வதற்கு ஒன்றும் இல்லாதவளாக எனக்குத் தோன்றினாள். பட்டப்படிப்புக்காக வீட்டில் வாதாடி அனுமதி பெற்றுக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? துப்பறியும் கதையில் அறிவு முழுவதும் ஒருவரிடமே குவிந்து கிடந்தால் சுற்றியுள்ளவர்கள் கதைமாந்தர்களாக இல்லாமல் மேசை நாற்காலிகளைப் போல் ஆகிவிடுகிறார்கள் என்பதே அன்று என் கருத்து. இன்றும் அதுவே என் கருத்து.

திரும்பி வந்தது திட்டமிட்டு அன்று. பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பழைய வீட்டைப் பிரித்துக்கொள்ள ஏற்பாடானபோது, பெட்டகங்களில் இருந்தவற்றை ஒழுங்கு செய்யும் வேலை என் பொறுப்புக்கு வந்தது. பித்தளைச் சாமான்களுக்கும் பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரங்களுக்கும் கீழே, ஐயா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைத் தொகுப்புகள் இருந்தன. அக்காலத்தில் பல வீடுகளில் இருந்த வழக்கம்தான் அது. வாரப் பத்திரிகையிலிருந்து கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படி அடுக்கி, பைண்டு செய்பவரிடம் கொடுத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி வாங்கி வைப்பார்கள். கம்பி இருந்த இடங்களில் துருக்கறை படிந்திருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முதுகுப் பக்கத்திலும் பாதியில் வெட்டுப்பட்ட விளம்பரமோ துணுக்கோ இருக்கிறது. சில இடங்களில் ஓரங்களைச் சமமாக வெட்டும்போது கடைசி எழுத்துகள் போய்விட்டதால், ஐயா தம்முடைய கட்டைப் பேனாவால் அந்த எழுத்துகளை ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார். மர்மக் கதையை அவ்வளவு மதித்து வைத்திருந்த மனிதர் அவர்.

அந்தத் தொகுப்புகளில் ஒன்றை எடுத்துப் படிக்கத் தொடங்கியபோது முடிவு எனக்கு நன்றாகவே நினைவில் இருந்தது. ஆகவே அவசரம் இல்லாமல் படித்தேன். அப்போதுதான் சங்கர்லாலின் தேநீர் எதற்காக வருகிறது என்பது புலப்பட்டது.

சங்கர்லால் என்றாலே வாசகர்களுக்குத் தேநீர்தான் நினைவுக்கு வரும். சிக்கலான நேரத்தில் எல்லாம் அவருக்குத் தேநீர் வேண்டும். வேலையாள் மாது கொண்டுவந்து வைப்பான். அதைக் கதாநாயகனின் ஓர் அலங்காரமான பழக்கம் என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். பைண்டு செய்த தொகுப்பில் அடுத்தடுத்து வாசிக்கும்போது தெரிவது வேறு. வாரத் தொடர் எழுதுபவருக்கு ஒரு தீராத சிக்கல் உண்டு. போன வாரம் பத்திரிகை கிடைக்காதவருக்கும், இந்த வாரம்தான் புதிதாக வாங்கியவருக்கும், இதுவரை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு வாரமும் விடாமல் படிப்பவருக்கு அலுப்புத் தட்டக்கூடாது. பலர் இதற்காக 'முன்கதைச் சுருக்கம்' என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். நான் இப்போது படித்த அத்தியாயங்களில் அந்த வேலையைத் தேநீர் வேளையே செய்துவிடுகிறது. ஓட்டம் நிற்கிறது. கோப்பை வருகிறது. சங்கர்லால் தமக்குத் தெரிந்தவற்றை எதிரில் இருப்பவரிடம் வரிசைப்படுத்திச் சொல்கிறார், அல்லது தமக்குள்ளேயே அடுக்கிப் பார்க்கிறார். புதியவருக்கு அது முன்கதை. பழைய வாசகருக்கோ அது சங்கர்லால் எதை முக்கியம் என்று நினைக்கிறார் என்பதற்கான குறிப்பு. அந்த வரிசையில் அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கவனித்தால், முடிச்சு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். முடிவு தெரிந்திருந்ததால் விட்டுப்போன அந்தத் துண்டை ஒவ்வொரு தேநீர் வேளையிலும் என்னால் சுட்டிக்காட்ட முடிந்தது. அன்பர் தாம் கைவிட்ட எழுத்தாளரின் புத்தகம் ஒன்றை இந்தக் கண்ணோடு ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். மர்மக் கதையில் எழுத்தாளர் வாசகரிடமிருந்து எதை மறைக்கிறார் என்பதைவிட, கண்ணெதிரிலேயே வைத்துவிட்டு எப்படி நம் பார்வையை வேறு பக்கம் திருப்புகிறார் என்பதில்தான் தொழில் இருக்கிறது. முதல் வாசிப்பில் அதைப் பார்க்கவே முடியாது. பார்க்க முடிந்தால் அந்தக் கதை தோற்றுவிட்டது என்று பொருள்.

இனி வாக்கியங்கள். கல்லூரி நாட்களில், அவருடைய வாக்கியங்கள் சிறுபிள்ளைகளுக்கு எழுதியவை போல் இருக்கின்றன என்று நாங்கள் குறை சொன்னதுண்டு. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல்தான் இருக்கும். கார் நின்றது, கதவு திறந்தது, ஒருவன் இறங்கினான் என்ற போக்கிலேயே பக்கங்கள் நகரும். பத்தி இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். நான் சுமார் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். எழுத்துக்கூட்டும் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பது எனக்குத் தெரியும். வினைமுற்று தொலைவில் இருக்கும் நீண்ட வாக்கியத்தில், முற்றுக்கு வந்து சேர்வதற்குள் எழுவாய் மறந்துபோய்விடும். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18.33 விழுக்காடு. அந்நாட்டில், அந்தப் பத்தாண்டில், புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்டு வெளியே வந்த பல்லாயிரம் பேர் படிப்பதற்கு எதையாவது தேடிக்கொண்டிருந்தார்கள். 1948-இல் இந்திய மாநிலங்களுக்கெல்லாம் முன்னோடியாகச் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. ஊர்தோறும் நூலகம் வரத் தொடங்கியது. வந்த நூலகத்தில், எழுத்துக்கூட்டும் ஒருவர் துணையில்லாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போகக்கூடிய புத்தகம் வேண்டுமே! என் அப்பத்தா விரலை நகர்த்திப் படித்தது அப்படிப்பட்ட புத்தகத்தை. குற்றம் யார் செய்தது என்ற ஆவல் அவர்களை அடுத்த வரிக்கு இழுத்தது. அந்த வரி அவர்களைக் கைவிடவில்லை. இதைச் சாதாரண வேலை என்று நினைப்பவர்கள், ஒரு பக்கம் முழுவதும் ஒரு கிளை வாக்கியம்கூட இல்லாமல், அலுப்பும் தட்டாமல் எழுதிப் பார்க்கட்டும்.

இது பழைய நினைவுகளின் மயக்கமா என்ற ஐயம் எழுவது நியாயமே. அதனால் மகளின் பெண்ணிடம் ஒரு தொகுப்பைக் கொடுத்தேன். சென்னையில் ஆங்கில வழியில் படிப்பவள். மர்மக் கதைகளை ஆங்கிலத்தில் விழுங்குபவள். தமிழில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் முகம் சுருங்கும். விடுமுறைக்கு வந்தவள் அதை மாடி அறைக்கு எடுத்துப்போனாள். மறுநாள் கீழே இறங்கி வந்து, "ஆயா, இவருக்கு மட்டும் எப்படி எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிடுது?" என்று கேட்டாள். கல்லூரிக் காலத்தில் நான் வைத்த அதே குறை! ஆனால் தொகுப்பைத் திருப்பித் தரவில்லை. முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். அவள் தமிழில் தானாக முழுதாகப் படித்த முதல் புத்தகம் அதுதான். தமிழ் வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்காக என்னென்னவோ திட்டங்கள் தீட்டுகிறோம். அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே வேலையைச் செய்த கதைகள் கையில் இருக்கும்போது அவற்றை ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்?

இந்திராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குச் செய்வதற்கு அதிகம் இல்லை என்ற குறையை நான் இன்னும் வைத்திருக்கிறேன் என்றேன். ஆனால் தேவகோட்டையில் பிறந்த ஒருவர் கற்பனை செய்த குடும்பம் அது என்பதை இந்த வாசிப்பில் மறக்க முடியவில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் எங்கள் பகுதி ஆண்கள் தொழிலுக்குப் போன காலத்தில், கடையில் சிறு வேலை பார்த்த பெட்டியடிப் பையன்களும் கடையை நடத்திய மேலாட்களும் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். இந்தப் பெரிய வீடுகள் அனைத்திலும் கடிதத்துக்கும் தந்திக்கும் காத்திருந்த பெண்கள் வாழ்ந்தார்கள். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்களின் கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரும்பாதவர்களின் வீடுகளில் காத்திருப்பு முடியவே இல்லை. கணவர் எந்த நாட்டில் என்ன ஆபத்தில் இருக்கிறாரோ என்று கவலைப்படும் இந்திராவின் வரிகளில் அப்பத்தாவின் விரல் மெதுவாக நகர்ந்ததற்கு எழுத்துக்கூட்டும் சிரமம் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. எழுத்தாளர் இதை எண்ணியே எழுதினார் என்று நான் வாதிட மாட்டேன். இந்த ஊரில் படிக்கும்போது அப்படிப் படிக்கக் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

கைவிட்ட எழுத்தாளரிடம் திரும்ப விரும்பும் வாசகருக்குப் பெரிய இடைஞ்சலாக இருப்பது ஒன்று உண்டு. அதைப் பதிப்பாளர்கள் கவனத்துக்குக் கொண்டுவரத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டும். தமிழில் மறுபதிப்பாகும் மர்ம நாவல்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கதை முதலில் எந்த ஆண்டு, எந்தப் பத்திரிகையில் வந்தது என்ற விவரமே இருப்பதில்லை. மறுபதிப்பின் ஆண்டு மட்டும் இருக்கும். சமூக நாவலில்கூட இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். துப்பறியும் கதையில் பொறுக்க முடியாது. ஏனென்றால் அந்தக் கதையின் முடிச்சே காலத்தைப் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தும் அவருக்கு உடனே செய்தி சொல்ல முடியாமல் போவது பழைய மர்மக் கதைகளில் அடிக்கடி வரும். இன்றைய பிள்ளைகளுக்கு அது நம்பத்தகாததாகத் தோன்றும். இந்தியாவில் இணைப்பகத்தின் உதவியின்றி வெளியூருக்கு நேரடியாகத் தொலைபேசி எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி முதன்முதலாக 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் வந்தது. மற்ற ஊர்களுக்கு அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணி அடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். 'லைட்னிங் கால்' என்று பல மடங்கு கட்டணம் கட்டினால் வரிசையில் முந்தலாம். 1958-இல் எழுதிய கதையில் அந்தத் தாமதம் உண்மை. 1998-இல் எழுதிய கதையில் அதே தாமதம் எழுத்தாளரின் சோம்பல். ஆண்டு தெரியாத வாசகர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, இந்த எழுத்தாளருக்கு வேலை தெரியவில்லை என்று புத்தகத்தை மூடிவிடுவார். அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த நாட்களில் வெளிநாட்டுப் பயணம் எத்தனை பேருக்குக் கிட்டியது என்பது தெரியாமல், சங்கர்லாலின் விமானப் பயணங்களும் ஓட்டல் அறைகளும் அன்றைய வாசகருக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தன என்பதையும் புரிந்துகொள்ள முடியாது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். இதில் செலவு எதுவும் இல்லை.

தமிழ்வாணனுக்குப் பின் வந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1980-களில் மாத நாவல்கள் பெருகியபோது ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், இரட்டையரான சுபா ஆகியோர் எழுதிய வேகம் நினைத்தாலே மலைப்புத் தருவது. ராஜேஷ்குமாரின் நாவல்கள் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும். பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய அந்தப் புத்தகங்களை மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் பேருந்தில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது முடித்தவர்கள் நாம். மாதந்தோறும் கெடு வைத்து எழுதப்படும் எழுத்தில் ஏற்றமும் இறக்கமும் இருக்கத்தான் செய்யும். தொடர்ந்து சில இறக்கங்களைச் சந்தித்த வாசகர் விலகிப்போவதும் இயற்கை. அப்படி விலகியவர் திரும்ப வர நினைத்தால், எந்த இடத்தில் விட்டாரோ அதே இடத்திலிருந்து தொடர்வது வீண். அந்த எழுத்தாளர் பத்திரிகைத் தொடராக, வாரம் ஓர் அத்தியாயம் என்று நின்று நிதானித்து எழுதிய நூலைத் தேடி எடுக்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் படிக்காமல், நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்தப் பழக்கி எழுதப்பட்ட கதையை ஒரே இரவில் விழுங்கினால் ஒவ்வோர் அத்தியாய இறுதியிலும் வரும் அதிர்ச்சி திகட்டிவிடும். ஆனால் எது தொடர், எது மாத நாவல், எது முந்தியது, எது பிந்தியது என்று மறுபதிப்பில் போடாதவரை வாசகர் எதைத் தேடுவார்?

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை நினைத்துக்கொள்கிறேன். அறிஞர்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றை, நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், மலிவு விலைத் துப்பறியும் நாவல்கள் உட்பட, தம் வாழ்நாள் முழுவதும் கோட்டையூரில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, அதைக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமையச் செய்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும், திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி அய்யங்காரும், துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர். ரங்கராஜுவும் எழுதியவற்றை ஆராய வருபவர் இன்று வெறுங்கையோடு திரும்பாமல் இருப்பதற்கு அவரைப் போன்ற சேகரிப்பாளர்களே காரணம். அவர் பிறந்த வட்டாரத்தில் இப்போது நடப்பதோ வேறு. பழைய வீடு பிரிக்கப்படும்போது பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பெல்ஜியம் கண்ணாடிகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போய் நல்ல விலைக்கு விற்கின்றன. எனாமல் தட்டுக்குக்கூட வெளிநாட்டிலிருந்து வந்து விலை கேட்கிறார்கள். பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்பு மட்டும் எடைக்குப் போகிறது. என் கண்ணெதிரில், பக்கத்து வீட்டிலிருந்து, சாக்கில் கட்டித் தராசில் ஏற்றியதைப் பார்த்தேன். ஓவியங்களோடும் அத்தியாய எண்ணோடும் முதல் வடிவத்தில் இருக்கும் அந்தப் பக்கங்களில்தான் மறுபதிப்பில் விடுபட்ட ஆண்டும் மாதமும் இருக்கின்றன. அவை போய்விட்டால் பின்னால் எந்தப் பதிப்பாளர் விரும்பினாலும் அந்த ஒரு வரியைச் சேர்க்க முடியாது.

2026 தமிழ்வாணன் பிறந்த நூற்றாண்டு. சிலையும் விழா மேடையும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேவகோட்டைப் பொது நூலகத்தில் ஓர் அலமாரி போதும். நகரத்தார் வீடுகளிலும் மற்ற வீடுகளிலும் இன்னும் பெட்டகங்களில் கிடக்கும் தொடர்கதைத் தொகுப்புகளை வாங்கி அடுக்கி, கதை வந்த பத்திரிகையையும் தேதியையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால், இப்பகுதி எழுதியும் பதிப்பித்தும் கொடுத்த வெகுஜன எழுத்தின் ஒரு பகுதியாவது இங்கேயே இருக்கும். தங்கள் நாளிதழின் புத்தக மதிப்புரைப் பகுதியிலும் மாதம் ஒருமுறையாவது ஒரு பழைய மர்ம நாவலின் மறுபதிப்பை எடுத்து, கதைச் சுருக்கத்தோடு நிறுத்தாமல், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று எழுதச் செய்ய வேண்டுகிறேன். கவிதைக்கும் சிறுகதைக்கும் செய்கிறோம். இதற்கும் செய்யலாம்.

எங்கள் வீட்டுத் தொகுப்புகளை நூலகத்துக்குக் கொடுக்கப் பங்காளிகள் அனைவரும் சம்மதித்துவிட்டார்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்காமல் அங்கேயே அமர்ந்து படிக்கும் நூல்களாக வைக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் நிபந்தனை. அவற்றில் ஒரு தொகுப்பில் நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை. அந்த வாரப் பத்திரிகை வீட்டுக்கு வரவில்லை போலும். ஐயா அந்த இடத்தில் வெள்ளைத் தாள்கள் வைத்துத் தைத்திருக்கிறார். கதையின் பெயரையும் விடுபட்ட அத்தியாயத்தின் எண்ணையும் தனித்தாளில் எழுதி இக்கடிதத்துடன் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளேன். வாசகர் யாரிடமாவது அந்த இதழ் இருந்து, படி எடுத்து அனுப்ப முன்வந்தால், நூலகத்துக்குக் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தில் சேர்த்துத் தைத்துவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தேவகோட்டை.